மூணு தெரிஞ்சா எட்டு

ஆத்மநாதன் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு வந்தால் அது நல்ல சேதியாக இருந்ததே இல்லை. வெளியூரில் அவன் வேலை பார்க்கிற வண்டிக் கம்பெனியில் ஸ்ட்ரைக் என்று ஒரு தடவை வந்தான். கொரோனாவுக்கு ஊரே வந்தபோது அவனும் வந்தான். இப்போது சித்திரை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, வேலை நாள் வேறு. காலை பத்து மணிக்குத் தோளில் பையோடு, வீட்டுக்குக்கூடப் போகாமல், திருவரங்குளம் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக முந்திரிக் காட்டுக்குள் வந்துகொண்டிருந்தான்.

அன்புமொழி மரத்தடியில் குந்தியிருந்து பழத்திலிருந்து கொட்டையைத் திருகிக்கொண்டிருந்தாள். சொந்த மரம் இருபத்தேழு. கஜா புயலுக்கு முன்னால் நாற்பது நின்றது. கையெல்லாம் பழச்சாற்றின் பிசுபிசுப்பு. புருஷனைப் பார்த்ததும் கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“என்ன மச்சான், ஒரு போன்கூடப் பண்ணல?”

“பத்து நாள் லீவு குடுத்திருக்காங்க.”

“நீங்க கேட்டீங்களா, அவங்களாக் குடுத்தாங்களா?”

“அவங்களாத்தான்.”

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. பசியோடு இருக்கிற ஆளிடம் சேதியைப் பிடுங்குவது அவளுக்குப் பழக்கமில்லை. தூக்குவாளியில் கம்பங்கஞ்சி இருந்தது, மோர் மிளகாய் இருந்தது, முந்தின நாள் வைத்த கருவாட்டுத் தொக்கு கொஞ்சம் இருந்தது. ஆத்மநாதன் கஞ்சியைக் குடித்து வாயைத் துடைக்கிற வரைக்கும் காத்திருந்தாள். அந்தப் பக்கம் அவள் அப்பா பெரியகருப்பன் உதிர்ந்த பழங்களைக் கூடையில் அள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவர் ஆத்மநாதனுக்கு மாமனார் மட்டுமில்லை, தாய்மாமனும்கூட.

“எஞ்சின் லைன மூடிட்டாங்க மாமா,” என்றான் ஆத்மநாதன். “வெள்ளிக்கிழமை கடைசி எஞ்சின் எறங்குச்சு. அதுக்கு மாலையெல்லாம் போட்டு, எங்களச் சுத்தி நிக்க வச்சு போட்டோ எடுத்தாங்க. இனிமே அந்த ஷெட்டுல கரண்டு வண்டிதான்.”

“எஞ்சின் இல்லாம வண்டி எப்புடிடா ஓடும்?”

“மோட்டார் மாமா. நம்ம போர்செட்டு மோட்டார் மாதிரி.”

“அப்ப அதுக்கும் மாசத்துக்கு ஒருக்கா காயில் போகுமா?”

மாப்பிள்ளை சிரித்தான். மகள் சிரிக்கவில்லை.

“ஒங்க வேலை என்னாச்சுன்னு சொல்லுங்க.”

“எல்லாருக்கும் டிரெய்னிங் குடுத்து அங்கிட்டே எடுத்துக்கிறாங்களாம். அதுக்கு முன்னால ஒரு மெடிக்கல் இருக்கு. அதுல தேறலைன்னா கணக்க முடிச்சு அனுப்பிருவாங்க.” தூக்குவாளி மூடியைத் திருகி மூடினான், மறுபடி திறந்தான். “அந்தக் கரண்டு வண்டியில ஒயரெல்லாம் கலர் பாத்து மாட்டணும் மொழி. அதனால கலர் டெஸ்ட் வைக்கிறாங்க.”

பெரியகருப்பன் கையில் இருந்த பழத்தைக் கீழே வைத்துவிட்டார்.

விஷயம் இதுதான். அந்தக் குடும்பத்து ஆண்களில் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும். பெரியகருப்பனுக்கு அப்படி, அவர் அக்காள் மகன் ஆத்மநாதனுக்கும் அப்படி. முந்திரியில் மஞ்சள் பழம் கண்ணுக்குப் பிடிபடும்; சிவப்புப் பழம் இலையோடு இலையாகப் போய்விடும். அதனால் பெரியகருப்பன் மரத்தை அண்ணாந்தே பார்க்க மாட்டார். கீழே விழுந்ததைத் தடவி, அமுக்கி, முகர்ந்துதான் எடுப்பார். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவருக்குக் கண்ணாக நடந்தவள் அன்புமொழி. அப்பாவின் சட்டையை எடுத்துக் கொடுப்பாள், பழுத்த மிளகாயைப் பிரித்துக் கொடுப்பாள். முறை மாப்பிள்ளை என்று ஆத்மநாதனைக் கட்டி வைத்தபோது அவளுக்கு அது புதிதாகவே இல்லை. ஒரு வீட்டில் செய்த வேலையை இன்னொரு வீட்டில் செய்தாள்.

பதினேழு வருஷத்துக்கு முன் ஐ.டி.ஐ. முடித்து அவன் கம்பெனியில் சேர்ந்தபோது எடை பார்த்தார்கள், நெஞ்சை அளந்தார்கள், தூரத்தில் இருக்கிற எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள். கலரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எஞ்சினுக்குப் போல்ட்டு இறுக்க நிறம் எதற்கு? கை சொல்லும், இறுகிவிட்டது என்று. அந்தக் கையை நம்பி அவன் பதினேழு வருஷம் ஓட்டிவிட்டான். இப்போது வயது முப்பத்தொன்பது. இருபது வயதுப் பிள்ளைகளே தெருவுக்கு நாலு பேர் சும்மா திரிகிற காலத்தில் இவனை இனி யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்?

அன்புமொழி கணக்குப் பட்டதாரி. கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிற ஜாதியில்லை.

“என்ன டெஸ்ட்டு அது? எழுத்துப் பரிட்சையா?”

“ஒரு பொஸ்தகம். ஏடு ஏடாக் கலர்ப் புள்ளி வச்சிருக்கும். உள்ளுக்குள்ள நம்பர் இருக்குமாம்.”

“பொஸ்தகம்னா படிச்சுட்டுப் போவோம்,” என்றாள்.

புதுக்கோட்டையில் கீழராஜ வீதிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் பவுசியா வேலை பார்த்தாள். அன்புமொழியோடு காலேஜில் ஒரே பெஞ்சு. மறுநாளே அன்புமொழி அங்கே போய் நின்றாள். பவுசியா விவரத்தைக் கேட்டாள், அலமாரியிலிருந்து பைண்டு கிழிந்த ஒரு பழைய புத்தகத்தை எடுத்தாள், கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

“இத வச்சு என்னடி பண்ணப் போற?”

“போட்டோ எடுத்துட்டுத் தந்துர்றேன்டி.”

“போன்ல கலர் மாறிரும், பிரயோசனப்படாது. எடுத்துட்டே போ. கடைக்கு வர்ற கண் டாக்டர் புதுசுதான் வச்சிருக்காரு, இதத் தேட மாட்டாரு. வெயில்ல வைக்காத, வெளுத்துரும்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அப்பாவுக்கும் இருக்கு, வீட்டுக்காரருக்கும் இருக்குங்கிற. ஒம் பொண்ணையும் ஒரு தடவை பாத்துக்க.”

பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அந்தக் கடைசி வார்த்தை அன்புமொழியை அரித்தது. மகள் நிறைமதி ஒன்பதாவது பரிட்சை எழுதிவிட்டு வீட்டில்தான் இருந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், புத்தகத்தை விரித்து அவள் முன்னால் நீட்டினாள். “பன்னண்டு. எட்டு. ஆறு. இருபத்தொம்பது. என்னம்மா இது, எல்கேஜி பொஸ்தகம் மாதிரி இருக்கு?” என்றாள் நிறைமதி. அன்புமொழிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மறுநாள் பொன்னமராவதியில் இருக்கிற நாத்தனார் வீட்டுக்கு மகளை லீவுக்கு அனுப்பி வைத்தாள். அப்பன் திருட்டுத்தனமாகப் படிப்பதைப் பிள்ளை பார்க்க வேண்டாம் என்று நினைத்தாள்.

படிப்பு முந்திரிக் காட்டில் நடந்தது. காலையில் கொட்டை பொறுக்கிக் காயப் போட்டுவிட்டு, வெயில் ஏறியதும் நல்ல நிழலில் சாக்கை விரித்து உட்காருவார்கள். கத்திரி வெயில் தொடங்குவதற்கு முன்பே தரை கொதித்தது. பழத்தின் புளித்த வாடைக்கு ஈ மொய்த்தது.

முதல் ஏடு எல்லாருக்கும் தெரிகிற ஏடு. பன்னிரண்டு. அதை ஆத்மநாதன் கம்பீரமாகச் சொன்னான். இரண்டாவது ஏட்டைத் திருப்பினாள்.

“மூணு.”

“எட்டு மச்சான்.”

“நல்லாப் பாரு. மூணு.”

பெரியகருப்பன் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். “மூணுதானத்தா போட்டிருக்கு.”

“பாரு, மாமாவுக்கே தெரியுது.”

ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். அன்புமொழிக்குத் தனக்குத்தான் கண்ணில் கோளாறோ என்று ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

வரிசையாக மனப்பாடம் செய்ய வைத்துப் பார்த்தாள். ஏட்டை முன்பின்னாகத் திருப்பிக் கேட்டால் ஆள் தடுமாறினான். அப்புறம்தான் அவளுக்குப் பிடி கிடைத்தது. அவன் தப்பாகச் சொல்வதும் ஒரு ஒழுங்காகத்தான் இருந்தது. எட்டு இருக்கிற ஏட்டில் எப்போது கேட்டாலும் அவனுக்கு மூணுதான் தெரிந்தது. இருபத்தொன்பது இருந்தால் எழுபது. ஐம்பத்தேழு இருந்தால் முப்பத்தைந்து. நிறைமதியின் பழைய நோட்டில் ரெண்டு பத்தி போட்டு எழுதினாள்.

“ஒங்களுக்கு மூணு தெரிஞ்சா எட்டுன்னு சொல்லுங்க. எழுபது தெரிஞ்சா இருபத்தொம்பதுன்னு சொல்லுங்க. தெரியிறத வாய்க்குள்ள வச்சுக்கிட்டு அதுக்கு ஜோடிய வெளிய விடணும். அம்புட்டுத்தான்.”

“ஒண்ணுமே தெரியாத ஏடு?”

“அதுல மூலையில ஒரு சின்ன நம்பர் போட்டிருக்கு பாருங்க. அத வச்சு ஞாபகம் வச்சுக்கங்க.”

கடைசியில் நாலு ஏடு இருந்தது. அன்புமொழிக்கு அதில் வெறும் புள்ளிதான். ஆத்மநாதனோ படபடவென்று அஞ்சு, ரெண்டு, நாற்பத்தைந்து என்று வாசித்தான், அவன் முகமே மலர்ந்துவிட்டது. நல்ல கண் உள்ளவர்களுக்கு ஒன்றும் தெரியாத ஏடு அது. இந்தக் கண்ணுக்கு மட்டும்தான் நம்பர் தெரியும். இப்படி ஆட்களைப் பிடிப்பதற்கென்றே வைத்த பொறி.

“இதுல ஒண்ணும் தெரியலன்னு சொல்லணும் மச்சான்.”

“இதுலதான் புள்ள எனக்குப் பளிச்சுன்னு தெரியுது.”

“அதான் சொல்லக் கூடாதுங்கிறேன்.”

ஆத்மநாதன் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “தெரியாதத தெரியுதுங்கணும், தெரியிறத தெரியலங்கணும். நல்ல படிப்புதான்,” என்றான். பெரியகருப்பன் கொட்டையை வெயிலில் கிளறிவிடப் போய்விட்டார்.

ஆறு நாளில் ஏடு எதைத் திருப்பினாலும் சரியாகச் சொன்னான். அன்புமொழிக்கு நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கியது. அன்று மத்தியானம் பலாக்கொட்டையும் முருங்கைக்காயும் போட்டுக் குழம்பு வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எழிலரசன் போன் பண்ணினான். கம்பெனியில் ஆத்மநாதனுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன், அவனுக்கு நாலு வயது இளையவன். கை எச்சிலாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

“அண்ணி, நல்லாருக்கீங்களா? அண்ணே, நான் மொத பேட்ச்சுலயே மெடிக்கல் தேறி டிரெய்னிங் ஏறிட்டேன்.”

“எப்புடிடா இருக்கு?”

“பயமாத்தான் இருக்குண்ணே. மொத நாளே ஒண்ணுதான் சொன்னாங்க. ஆரஞ்சுக் கேபிளப் பாத்தா பாம்பப் பாத்த மாதிரி நிக்கணும். நானூறு வோல்ட்டு. கரண்ட வெட்டி, பூட்டுப் போட்டு, அஞ்சு நிமிசம் பொறுத்துத்தான் கை வைக்கணும். ரெண்டு ரெண்டு பேராத்தான் நிக்க விடுறாங்க. ஒருத்தர் தப்புப் பண்ணா ரெண்டு பேருக்கும் சங்குதான்.”

“நீ பக்கத்துல இருந்தா நான் சமாளிச்சுருவேன்.”



“என்னைய ஓசூருக்குப் போடப் போறாங்கண்ணே. அதச் சொல்லத்தான் கூப்புட்டேன். எஞ்சின் லைன்ல இறுக்குன போல்ட்டுக்கு அடையாளமாப் பெயிண்ட் பொட்டு வைக்கிறப்ப நான் கலர் பாத்துப் பாட்டில எடுத்துக் குடுப்பேன்ல, அது மாதிரி இங்க முடியாது. பாத்துக்கங்கண்ணே.”

எழிலரசன் வைத்த பிறகும் அன்புமொழி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அங்கேயும் ஒருத்தன் கண்ணாக இருந்திருக்கிறான். பதினேழு வருஷமாகத் தன் புருஷன் தனியாகச் சமாளிக்கிறான் என்று நினைத்தவளுக்கு அதுவே பெரிய சேதி. இனி அந்தக் கண்ணும் இல்லை. அதுவரைக்கும் அவன் தேறாமல் போய்விடுவானோ என்று பயந்தவளுக்கு, தேறிவிட்டால் என்ன ஆகும் என்கிற பயம் அன்றுதான் புதிதாகப் பிடித்தது. அன்றைக்கு ராத்திரி அவளுக்குத் தூக்கம் கொள்ளவில்லை.

மறுநாள் திருவரங்குளத்தில் எலக்ட்ரிக்கல் கடையில் ஆரஞ்சு ஒயர் ஒரு முழம், பச்சை ஒயர் ஒரு முழம் வெட்டி வாங்கிவந்தாள். மரத்தடியில் சருகு மேல் ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள்.

“மச்சான், இதுல ஆரஞ்சு எது?”

ஆத்மநாதன் குனிந்தான். பார்த்தான். இந்தப் பக்கமாகத் திரும்பிப் பார்த்தான். ரெண்டையும் விரலால் உருட்டினான். அப்புறம், பழக்கதோஷம், ஒன்றை எடுத்து மூக்குக்கிட்டே கொண்டுபோனான். கடைசியில் ஒரு ஒயரை அவளிடம் நீட்டினான்.  அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் நீட்டியது பச்சை.

மூன்று நாளில் அவன் பஸ் ஏற வேண்டும். ஆறு நாளாக வெயிலில் உட்கார்ந்து படித்த முகம் கறுத்துப் போயிருந்தது. நீட்டிய கையோடு நின்றவனைப் பார்க்க அவளுக்கு நெஞ்சு கேட்கவில்லை.

“சரிதான் மச்சான்,” என்றாள்.

“நெசமாவா?”

“சரிதான்.”

அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது. “மாமா, ஆரஞ்சு எனக்குத் தெரியுது மாமா,” என்று காட்டுக்குள் சத்தம் போட்டான். பெரியகருப்பன் தூரத்திலிருந்து கையைத் தூக்கினார். அன்புமொழி ரெண்டு ஒயரையும் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு கொட்டை பொறுக்கப் போனாள். வாய் தவறி வந்ததில்லை அது, தெரிந்தே சொன்ன பொய். ஒரு நல்ல நாள் பார்த்துச் சரிபண்ணிவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்த மூன்று நாளில் நல்ல நேரம் ஒன்றுகூட வாய்க்கவில்லை. வாய் திறக்கப் போகும்போதெல்லாம் அவன் ஏதாவது கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்தான். அப்படியே பஸ் ஏறிப் போய்விட்டான்.

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு மெடிக்கல். அன்புமொழிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வீட்டு வாசலில் காயப்போட்ட கொட்டையைச் சும்மா சும்மா கிளறினாள். பக்கத்தில் பெரியகருப்பன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டேகாலுக்குப் போன் வந்தது.

“இருபத்தொண்ணுக்கு இருபத்தொண்ணும் சரி மொழி. டாக்டரு, கண்ணு நல்லா இருக்குப்பான்னுட்டாரு. அந்தக் கடைசி நாலு ஏட்டுல பாக்கணும் நீ, ஒண்ணும் தெரியல சார்னு அடிச்சேன் பாரு.”

“நல்லது மச்சான்.”

“நாளையிலேருந்து டிரெய்னிங். பேட்டரி செக்ஷன்ல போட்டிருக்காங்க. கேபிள் மாட்டுறது நானு. கூட அரியலூர்ப் பொண்ணு ஒண்ணு, இப்பத்தான் டிப்ளமா முடிச்சிருக்கு. நம்ம நிறைமதியவிட அஞ்சு வயசுதான் கூட இருக்கும். அண்ணே அண்ணேங்குது. நான் மாட்டி முடிச்சேன்னு சொன்னா அது கரண்டப் போடும்.”

“மச்சான்.”

“ஆரஞ்சுதான் எனக்குத் தெரியுதுல்ல, அன்னைக்கே பாத்துட்டமே. அதனால பயமில்ல.”

அன்புமொழி அப்பாவைப் பார்த்தாள். அவர் நல்ல சேதிதான் என்று புரிந்துகொண்டு தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். 

“மச்சான், அன்னைக்கு நீங்க எடுத்துக் குடுத்தது பச்சை.”

அந்தப் பக்கம் வண்டி போகிற சத்தம், யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம்.

“என்ன சொன்ன?”

“பச்சை ஒயர எடுத்துக் குடுத்தீங்க. ஒங்க மூஞ்சியப் பாத்துட்டு நான் சரின்னு சொல்லிட்டேன். அந்த ரெண்டு ஒயரும் ஒங்களுக்கு ஒண்ணுதான் மச்சான். எங்க அப்பா மாதிரியேதான் ஒங்க கண்ணும்.”

“ஏன் புள்ள…” என்றான். என்ன கேட்க நினைத்தானோ, முடிக்கவில்லை. போன் கட்டாகிவிட்டது. அவள் திரும்ப அடித்தாள், எடுக்கவில்லை. இன்னொரு தடவை அடித்தாள். எடுக்கவில்லை.

“என்னத்தா?” என்றார் பெரியகருப்பன்.

“அவரு கேபிளத் தொடக் கூடாதுப்பா. அந்தப் பொண்ணு பக்கத்துல நிக்கக் கூடாது.”

“வேல போயிருமேத்தா.”

“தெரியும்ப்பா.”

மெடிக்கலுக்கு வரச் சொன்ன கடுதாசியை அவன் போனில் அவளுக்கு அனுப்பியிருந்தான். அதன் அடியில் மெடிக்கல் ரூம் போன் நம்பர் இருந்தது. தன் புருஷனைத் தானே காட்டிக் கொடுக்கப் போகிறோம் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவன் இனி தன் முகத்தில் விழிக்காமல் போனாலும் போகட்டும், உயிரோடு இருந்து விழிக்காமல் இருக்கட்டும் என்று நினைத்தாள். நம்பரை அழுத்தினாள். ஏழெட்டுத் தடவை மணி அடித்தபின் ஒரு பெண் எடுத்தாள்.

“மெடிக்கல் ரூம்.”

“நான் ஆத்மநாதன் சம்சாரம் பேசுறேங்க, புதுக்கோட்டையிலேருந்து. காலையில ஒங்ககிட்ட டெஸ்ட்டுக்கு வந்தாரு. அது விசயமா டாக்டர்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“ஆத்மநாதனா? எஞ்சின் லைன் ஆத்மநாதன்தானே? அவரு இப்ப இங்கதாங்க இருக்காரு. நான் சொன்னது எல்லாம் பொய், மறுபடி அந்தப் பொஸ்தகத்தக் காட்டுங்கன்னு வந்து நிக்கிறாரு. டாக்டர் திட்டிக்கிட்டே பொஸ்தகத்த எடுத்துக்கிட்டு இருக்காரு. அவர்கிட்ட பேசுறீங்களா?”

அன்புமொழி வாசல் படியில் உட்கார்ந்தாள்.

“செத்த இருங்க, முடியட்டும்,” என்று அந்தப் பெண் போனை மேஜைமேல் வைக்கிற சத்தம் கேட்டது.

ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. ஏடு திரும்புகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஆத்மநாதனின் குரல், தூரத்திலிருந்து, அவசரமில்லாமல் வந்தது.

“பன்னண்டு.”

ஏடு திரும்பியது.

“மூணு.”

டாக்டர் ஏதோ கேட்டார். “மூணுதான் சார்,” என்றான். “இது அஞ்சு. இது எழுபது. இதுல ஒண்ணும் தெரியல சார்.”

அன்புமொழி போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை. பெரியகருப்பன் நாற்காலியை விட்டு எழுந்து அவளிடம் வந்தார்.

“என்னத்தா சொல்றான்?”

அவள் போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“கண்ணுக்குத் தெரியிறதப் படிக்கிறாருப்பா.”